என் பெயரில் நீ அனுப்பிய வாழ்த்து

மகேன்,

இந்தத் தாளைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வரும். சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகுகிற இரட்டைக் கோட்டுக் கொப்பியிலிருந்து கிழித்தது. லுணுகலைக் கடையில் நான் இதைக் கேட்டபோது கடைக்காரர், "பேரப்புள்ளைக்காம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கைக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, தம்பி. உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் கோடு இல்லாத தாளில் இனி என்னால் எழுத முடியாது. கோடு போட்ட தாளிலும் காலையில் கொஞ்ச நேரம்தான் கை ஓடும். அதனால் இதைப் பல நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு படித்ததும் போனை எடுத்துவிடாதே. கடைசி வரைக்கும் படி. நிர்மலாவும் படிக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் தை பிறந்ததும் கனடாவுக்குப் புறப்படப் போகிறீர்கள். அதற்கு முன்னால் தீபாவளிக்கு இந்த வீட்டில் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு நீங்கள் பார்த்தது பாதிதான்.

நீங்கள் வத்தளையிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான் குசினி மேசையில் வாழ்த்து அட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் கடைகளில் தீபாவளி அட்டை வருவதில்லை என்பதால், பிரிஸ்டல் அட்டை வாங்கி வெட்டி, ஓரத்தில் ஒரு விளக்கு வரைந்து வைத்திருந்தேன். நீ தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றாய். நான் ஓர் அட்டையை எழுதிக் கெடுத்தேன். இன்னொன்றையும் கெடுத்தேன். மூன்றாவதைக் கிழித்தபோது நீ என் தோளில் கை வைத்து, "எதுக்கும்மா இந்தப் பாடு? இப்ப யாரு கார்டு போடறாங்க?" என்றாய். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ சிரித்துக்கொண்டே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். அப்பா இருந்த காலத்தில் நாம் மூன்று பேரும் எடுத்த படம். அதைச் சுற்றி விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. கீழே 'தீபாவளி நல்வாழ்த்துகள், அன்புடன் அம்மா' என்று எழுத்து. "எல்லாருக்கும் அனுப்பியாச்சு. வேலை முடிஞ்சிருச்சு. நீங்க நிம்மதியா முறுக்கு சுடுங்க" என்றாய். நிர்மலா என் வெற்று அட்டைகளையெல்லாம் சேர்த்து, மூலை மடங்காமல் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

அப்போது நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "என் பேர்ல பேச உனக்கு யாரு சொன்னது? நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன். பண்டிகைக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது! உன் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "கனடாவுக்குப் போறவன் போ. போறதுக்கு முன்னாடி எனக்குக் காரியம் பண்ணிட்டுப் போகாத" என்றும் சொன்னேன். ஒரு வாரம் தங்கவென்று வந்தவர்கள் தீபாவளிக்கு மறுநாளே பையைக் கட்டினீர்கள். வாசலில் நின்று, "கோவமாம்மா?" என்று கேட்டாய். "இல்ல" என்றேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. பஸ் ஏறிய பிறகு நீ நிர்மலாவிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறார் என்றிருப்பாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் காலம் நன்றாக இல்லை. இந்த அட்டை போடுகிற வழக்கம் நம் வீட்டில் அன்பினால் தொடங்கியதும் இல்லை. உன் அப்பாவின் சந்தேகத்தில் தொடங்கியது. அவருடைய நேர்முகப் பரீட்சைக் கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். அவர் அதை உன் முன்னால் பேசியதில்லை; நானும் பேசியதில்லை. தோட்டத்தில் நம் பிரிவில் உயர்தரம் பாஸ் பண்ணிய முதல் ஆள் அவர்தான். உதவி ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். பதுளைக்கு வரச் சொல்லி நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. வந்தது தோட்டத்து ஆபீசுக்கு. லயத்து வரிசை வீடுகளுக்கு அன்றைக்கு இலக்கமும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. தோட்டத்துக்கு வருகிற கடிதமெல்லாம் ஒரே பையில் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து எப்போது யார் கைக்குப் போகும் என்பது ஆபீசில் இருப்பவருக்கே தெரியாது. தோட்டத்தில் அப்பாவோடு சேர்த்துச் சண்முகம் என்று இரண்டு பேர் இருந்தார்கள். எந்தச் சண்முகம் என்று கேட்டுக்கொள்ளலாம் என்று கிளாக்கர் அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தார், வைத்ததை மறந்தும் போனார். ஒரு நாள் காலையில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் வைத்து அதை அப்பாவிடம் கொடுத்தார்கள். பரீட்சை நாள் அதற்கு முந்திய வாரமே போய்விட்டிருந்தது.

"அட, இது ஒனக்கு வந்ததாடா? முக்கியமான கடுதாசியா?" என்று கிளாக்கர் கேட்டாராம். அப்பா, "பரவால்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷினுக்கு வேலைக்குப் போனார். அங்கிருந்துதான் அவர் கடைசியில் ஓய்வு பெற்றார்.

நான் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த முதல் வருஷம், தீபாவளிக்கு முன்பு அவர் ஒரு வாழ்த்து அட்டையில் அவருடைய பெயரையே எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "யாருக்குங்க எழுதுறீங்க?" என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. "லுணுகலையில போட்டா எப்ப என் கைக்கு வருதுன்னு பாக்கணும். வராட்டி ஆபீசுல போயிக் கேப்பேன். கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் அவுங்களுக்குப் பேரு ஞாபகம் இருக்கும்" என்றார். ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்படித்தான் தனக்குத் தானே அட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். புதுப் பெண்ணான எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்னேன்: "ஒங்களுக்கு நீங்களே போட்டா அவுங்களுக்கு ஒங்க பேரு ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும். மத்தவங்க பேரு?" அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வருஷமே எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் அட்டை எழுதினோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக்கூட முத்திரை ஒட்டித்தான் அனுப்பினோம். அது லுணுகலைக்குப் போய், தபால் பையில் ஏறி, தோட்டத்து ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டும். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெண்களுக்குப் பெண்கள் பெயரிலேயே எழுத வேண்டும் என்று சொன்னது நான்தான்.

சனங்கள் முதலில் எங்களுக்குப் பைத்தியம் என்றார்கள். பிறகு ஆபீஸ் வாசலில் செல்வமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டுச் செல்வமணி. அன்றைக்கு அவளும் புதுப் பெண். கொழுந்துக் கூடையை முதுகில் இருந்து இறக்காமலே அட்டையோடு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, எம் பேரையே கூப்புட்டாங்கக்கா. என் வீட்டுக்காரர் பேரச் சொல்லல. எம் பேரு!" என்று சொல்லி மூச்சு வாங்கினாள். அதற்குப் பிறகு எங்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு ஆளாளுக்குப் போய், "எனக்குக் கார்டு வந்துருக்காங்கய்யா?" என்று ஆபீசில் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பவர் தொல்லை தாங்காமல் ஒரு கட்டத்தில் கிளாக்கர் லயம் லயமாகத் தட்டு வைத்த ஒரு மரப்பெட்டியை அடித்து வைத்தார். பண்டிகைக் கார்டுக்காக அடித்த பெட்டியில் மற்றக் கடிதங்களும் ஒழுங்காக விழத் தொடங்கின.

உன் பல்கலைக்கழகக் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது பதுளையில் கடையொன்றில் வேலைக்கு நின்றாய். நான் பிள்ளை மடுவத்தில் இருந்தேன், கொழுந்து எடுக்கப் போன பெண்களின் குழந்தைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டு. ஆபீசிலிருந்து ஆள் வந்தார். "மூணாம் லயம் சண்முகம் மகன் மகேந்திரனுக்கு அரசாங்கக் கடுதாசி வந்துருக்கு, ஒடனே குடுத்துட்டு வரச் சொன்னாரு கிளாக்கர்" என்றார். உன் பெயரிலும் வருஷாவருஷம் அட்டை போனதால் அவர்களுக்கு எந்த மகேந்திரன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினேன். அப்பா ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கையெல்லாம் தேயிலைச் சாறு. சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உறையைப் பிரிக்கவில்லை. திருப்பித் திருப்பி முத்திரையில் இருந்த திகதியைத்தான் பார்த்தார். "நேத்துத்தான் லுணுகலைக்கு வந்துருக்கு" என்றார். இன்னொரு தரமும் அதையே சொன்னார். பிறகு மெஷின் அறைக்குப் பின்னால் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். உறையைப் பிரித்தது நான்தான். இதைச் சொல்வதால் உன் படிப்பு அந்த அட்டைகளால் வந்தது என்று நினைக்காதே. படித்தது நீதான். அப்பா போன பிறகும் நான் ஏன் அட்டை எழுதுவதை நிறுத்தவில்லை என்பதற்காகச் சொன்னேன். எழுதுகிற ஒவ்வொரு தரமும் எனக்கு அவருடைய முதுகு தெரியும்.

இனி என் கை.

போன பொங்கலுக்கு அட்டை கிடைத்ததும் செல்வமணி வந்து, "என்னக்கா, எழுத்து இப்புடி சுருங்கிப் போச்சு? முன்னாடி நடையில நின்னே படிச்சிருவேன். இப்ப எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள். பேனா சரியில்லை என்று சொன்னேன். பிறகு நானே கவனித்தேன். முதல் எழுத்தைப் பெரிதாகத்தான் போடுவேன். வரி முடிவதற்குள் அது குறுகிக் குறுகி, கடைசியில் ஒரு கோடாகிப் போகும். வேண்டுமென்று பெரிதாக எழுதப் பார்த்தாலும் கை கேட்காது. சும்மா இருக்கும்போது வலது கைப் பெருவிரல் தானாக ஆடியது. ஆடி மாதத்தில் நடக்கும்போது ஒரு கால் பின்னாலேயே நின்றுகொண்டது. செல்வமணிதான் இழுக்காத குறையாக என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மெலிந்த பெண், நிதானமாகப் பேசினாள். விரல்களைத் தட்டச் சொன்னாள், அறைக்குள் நடக்கச் சொன்னாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, "அம்மா, உங்களுக்கு விருப்பமான ஒரு வசனத்தை எழுதுங்கோ பாப்பம்" என்றாள். எனக்கு வேறு என்ன வசனம் தெரியும்? 'தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று எழுதினேன். அவள் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எப்பவும் இப்பிடித்தான் எழுதுறனீங்களோ?" என்று கேட்டாள். "என் எழுத்து நல்லா உருண்டையா இருக்கும் டாக்டர்" என்றேன். "இது பார்க்கின்சன் எண்ட வருத்தம். முற்றாகச் சுகமாக்கேலாது. ஆனால் குளிசை போட்டால் கனகாலம் நல்லா இருக்கலாம். எழுதுறதை விட்டிடாதேங்கோ. இரட்டைக் கோடு போட்ட கொப்பியிலே எழுதுங்கோ, கோடு இருந்தால் கை பெரிசாப் போகும்" என்றாள். வெளியே வந்து செல்வமணியிடம் சொன்னேன். அவள் பஸ் நிலையம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரத்திலேயே நீ போனில் கூப்பிட்டு, "அம்மா, விசா வந்துருச்சும்மா!" என்றாய். பின்னால் நிர்மலா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்வேன், சொல்? சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான் அது, பொய்யில்லை. போனை வைத்த பிறகு செல்வமணி, "சொல்லலியாக்கா?" என்றாள். தீபாவளிக்கு வரும்போது நேரில் சொல்கிறேன் என்றேன். தீபாவளிக்கு நீ வந்தாய். உங்கள் வீடு பார்க்கிற பேச்சு, குளிர் உடுப்புப் பேச்சு எல்லாம் கேட்டேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நான் மேசையில் உட்கார்ந்து அட்டைகளைக் கிழித்ததை நீ பார்த்துவிட்டாய். 'இனி உன் கையால் ஆகாது, நான் செய்துவிட்டேன்' என்று நீ சொன்னது போல எனக்குப் பட்டது. நீ அப்படிச் சொல்லவில்லை. உனக்கு எதுவும் தெரியாது. அம்மாவின் சிரமத்தைக் குறைக்கத்தான் செய்தாய். என் பயத்தையெல்லாம் எடுத்து உன் மேல் கொட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

நீங்கள் போன சில நாளில் ஆறுமுகம் அண்ணன் வந்தார். லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாரே, அவர்தான். வாசல் இஸ்தோப்புப் படியில் கம்பை வைத்துவிட்டு நின்றுகொண்டே, "தங்கச்சி, எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்டார்.

"ஏண்ணே அப்புடிக் கேக்குறீங்க?"

"கார்டு வரலியே. தெனமும் ஆபீசுக்குப் போயி நின்னேன். ஆறுமுகத்துக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

மகேன் எல்லாருக்கும் போனில் அனுப்பினான் என்று சொன்னேன். "எங்கிட்ட ஏது தங்கச்சி போனு?" என்றார், கோபமில்லாமல். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நிர்மலா பெட்டியில் எடுத்து வைத்திருந்ததில் ஓர் அட்டையை எடுத்து அங்கேயே எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை இன்னும் மோசமாகப் போனது. எழுதி முடித்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையில குடுக்காத தங்கச்சி. தபால்ல போடு. ஆபீசுல ஆறுமுகம்னு கூப்புடணும்" என்றார். தீபாவளிதான் முடிந்துவிட்டதே அண்ணே என்றேன். "இருக்கட்டும். கூப்புடுறவனுக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியவா போவுது" என்றார். செல்வமணியோடு போய் லுணுகலையில் போட்டேன். முகவரியை மட்டும் அவளை எழுதச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த அட்டையோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கூப்பிட்டார்களாம். படியில் உட்கார்ந்து அட்டையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது. "எழுத்தே தெரியல தங்கச்சி. என் கண்ணு போயிருச்சு போல. இதுவரைக்கும் கண்ணாடி இல்லாமத்தான் பாத்தேன். பதுளைக்குப் போயிக் காட்டணும்" என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை, மகேன். போய்க் காட்டுங்கள் அண்ணே என்றுகூடச் சொன்னேன். அவர் தடவித் தடவி லயத்து நடையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வரை நன்றாக நடந்த மனுஷன், கண் போய்விட்டது என்று நினைத்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டு நின்றார். நான் ஓடிப் போனேன். ஓடினேன் என்று சொல்வது வழக்கத்துக்குத்தான், என் காலால் இப்போது ஓட முடியாது. "அண்ணே, ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் கைதான் போச்சு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "மகேனுக்குச் சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "அப்ப அந்தப் புள்ளையும் என்னய மாதிரித்தான். தங்கிட்டத்தான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கும்" என்றார். அன்றைக்குத்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

நீ கனடாவுக்குப் போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே, செல்வமணி இருக்கிறாள், குளிசை இருக்கிறது, சந்தோஷமாகப் போய் வா என்று அழகாக எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் கிழித்தேன். கை சரியில்லாததால் கிழிக்கவில்லை. அது உண்மையில்லை என்பதால் கிழித்தேன். நீ போக வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அப்பாவுக்குத் தவறிப்போனது உனக்குத் தவறக் கூடாது. நீ போகக் கூடாது என்றும் ஆசை இருக்கிறது. சட்டை ஊக்கைப் போட முடியாமல் நான் நிற்கும் காலையில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் உன்னிடம் சொன்னால், அந்த லாச்சிக்குள் கடிதத்தை வைத்த கிளாக்கருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நேரத்தோடு உனக்குத் தெரிய வேண்டியது உனக்குத் தெரியட்டும். முடிவு உங்கள் இருவருடையது. எந்த முடிவாக இருந்தாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நேற்று நீ போனில் கூப்பிட்டபோது நான் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "என்னம்மா பண்றீங்க?" என்றாய். "ஒனக்குத்தான் எழுதுறேன்" என்றேன். "எனக்கா? போன்லயே சொல்லுங்களேன்" என்று சிரித்தாய். போனில் சொல்ல முடியாது என்றேன். பிறகு வேறு குரலில் கேட்டாய்: "அம்மா, நான் போறது ஒங்களுக்குப் புடிக்கலையா?" எழுதியிருக்கிறேன், தபாலில் போடுகிறேன் என்றேன். "போடாதீங்க. சனிக்கிழமை நாங்களே வர்றோம்" என்றாய். ஆகவே இதற்கு முத்திரை ஒட்டவில்லை. கையிலேயே தருகிறேன்.

வரும்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். பொங்கல் அட்டைகளைக் காலையில் குளிசை போட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருகிறேன். பிரிஸ்டல் அட்டையிலும் பென்சிலால் இரட்டைக் கோடு இழுத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கிற வாழ்த்து என் எழுத்திலேயே இருக்கட்டும். அது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நான் என்ன எழுதியிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். மேலே இருக்கும் பெயரை மட்டும் நீயும் நிர்மலாவும் எழுதிக் கொடுங்கள். ஆபீசில் அதைத் தடுமாறாமல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நிர்மலாவின் எழுத்து அழகாக இருக்கும், பார்த்திருக்கிறேன். நீ எழுதினால் கொஞ்சம் பெரிதாக எழுது. அடுத்த வருஷம் யார் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது உன்னிடம் வாக்கு எதுவும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. போன வாரம் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் ஒரு விஷயம் சொன்னாள். போகப் போக இந்த வருத்தத்தில் முகமும் இறுகிப்போகுமாம். உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் முகத்தில் தெரியாதாம், துக்கமாக இருந்தாலும் தெரியாதாம். "வீட்டு ஆக்களுக்குச் சொல்லி வையுங்கோ, பிழையா விளங்கிக்கொள்ளுவினம்" என்றாள். இந்த வீட்டில் நாம் மூன்று பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டோம். அப்பா எதையும் சொன்னதில்லை, நான் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீ என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். வாசலில் நின்று கோபமா என்று நீ கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான். சனிக்கிழமை நீ இதை உள்ளே உட்கார்ந்து படித்து முடி. நான் இஸ்தோப்பில் இருப்பேன். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, அம்மா இப்படித்தான் நினைக்கிறார் என்று நீயே முடிவு கட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேள். நானும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

அம்மா